தங்கையின் அலமாரி

குடும்ப நீதிமன்றத்தின் பின்கட்டில் பதினாறு வருடம் கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தோராவது வயதில் சமரச அலுவலர் வேலை கிடைத்தது. பிரியப்போகிற கணவனையும் மனைவியையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, பிள்ளை யாரிடம் இருப்பது, வீடு யாருக்கு என்பதையெல்லாம் கத்தாமல் பேசி முடிக்கவைப்பது அந்த வேலை. அதற்கான பரீட்சையில் மூன்றாவது தடவைதான் தேறினாள். அவளுக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்து மூன்றே வருடத்தில் முடிந்துபோயிருந்தது. அந்தக் கோப்புக்கும் அவளேதான் எண் போட்டாள்.

வீட்டில் அவள் பெரியவள். அவளைவிட ஐந்து வயது சின்னவளைப் பட்டாசு என்று கூப்பிட்டார்கள். பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வார்டு முழுவதும் எழுந்து உட்காரும்படி கத்தினாளாம், அப்போது அப்பா வைத்த பெயர். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது. பெரிய ஓட்டல் ஒன்றில் மாநாடுகளும் வரவேற்புகளும் நடத்திக் கொடுக்கும் பிரிவுக்குப் பட்டாசுதான் தலைவி. கடுகு மஞ்சளில் முழங்கால்வரை ஒரு கோட்டு, அடர்பச்சைப் பட்டுச் சட்டை, நடந்தால் மாடிப்படிக்கே தெரிகிற குதிகால் செருப்பு. அவள் ஓர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு ஒரு நொடி நின்று பிறகுதான் தொடரும்.

பெரியவளின் வேலை உத்தரவு வந்தபோது பட்டாசு படுக்கையில் இருந்தாள். வயிற்றில் புற்று. ஓட்டல் அருகில் இருந்த தன் அறையைக் காலி செய்துவிட்டு, அம்மாவும் அக்காவும் இருந்த மூன்றாவது மாடி வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். அவளோடு அவள் அலமாரியும் வந்தது. அதைத் தூக்கிவந்த நான்கு பேரும், "உள்ள ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

"வேலைக்குப் போற அன்னைக்கு என்ன போட்டுக்கப் போறே?" என்று கேட்டாள் பட்டாசு.

"இருக்கிறதைத்தான்."

"இருக்கிறதா? அந்தச் சாம்பல் கலர் மூட்டையா? அக்கா, உன்னைப் பாத்தா ஜெராக்ஸ் எடுக்க வந்தவ மாதிரி இருக்கு. ஊரே சண்டை போட்டுக்கிட்டு உன் முன்னாடி வந்து உக்காரப் போவுது. நீ உள்ள வரும்போதே ஆள் தெரிய வேணாமா?"

தலையணைக்கு அடியிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினாள். கை குச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தது. "போடு. நான் பாக்கறேன்."

அன்று மதியம் முழுவதும் பெரியவள் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். பட்டாசு படுத்தபடியே தீர்ப்புச் சொன்னாள். "அதைக் கழட்டு. இது வேணாம், கல்யாணத்துக்கு வந்த மாமியார் மாதிரி இருக்கு. நில்லு, நில்லு, திரும்பு." கடைசியில் கடுகு மஞ்சள் கோட்டைப் போட்டதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "அதான். அதையே போட்டுட்டுப் போ" என்றாள்.

பதினோரு நாள் கழித்துப் பட்டாசு போய்விட்டாள்.

இறுதிச் சடங்கில் அம்மா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், காபி கலக்கச் சொன்னாள், மருந்துப் புட்டிகளைப் பைக்குள் போட்டுக் கட்டினாள். துக்கம் விசாரிக்க வந்த மாமாதான், அம்மாவின் தம்பி, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே" என்று அவர் பெண்டாட்டியிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

பத்து நாள் கழித்துப் பெரியவள் வேலையில் சேர்ந்தாள். தங்கை சொன்னபடியே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அம்மா ஜன்னலில் நின்றிருந்தாள். பத்து நாளாகக் கல்லாக இருந்த முகம் மலர்ந்திருந்தது. கதவைத் திறக்கும்போதும் அந்த மலர்ச்சியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை பெரியவள் குளித்துவிட்டு வந்தபோது பச்சைப் பட்டுச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியின் மேல் விரித்திருந்தது. அதற்கு அடுத்த நாள் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. அதிலிருந்து அம்மா எடுத்து வைப்பதைப் பெரியவள் போட்டுக்கொண்டாள். செருப்பு அரை அளவு சின்னது. சுண்டுவிரலில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தாள். காது ஓரத்து நரையை அம்மாவே மாதம் ஒருமுறை உட்காரவைத்து, பட்டாசு பூசிக்கொள்ளும் அதே செம்பழுப்புச் சாயத்தால் மறைத்துவிட்டாள். கழுத்தில் சாயம் வழிந்தால் துணியால் ஒற்றி எடுக்கும் அந்த விரல்கள் அவ்வளவு பதமாக இருக்கும். சின்ன வயதில்கூடத் தன் தலையை அம்மா இப்படித் தொட்ட ஞாபகம் பெரியவளுக்கு இல்லை. அதனால் அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் திருப்தி. "மேடம், நீங்க வந்தா எங்க ஃப்ளோருக்கு ட்யூப்லைட்டே வேணாம்" என்றார் கோப்பு எடுத்துத் தரும் கிளார்க். எட்டு மாதம் இப்படியே போனது.

ஒன்பதாவது மாதம் ஒரு வழக்கு வந்தது. கணவன் பேருந்து ஓட்டுநர். மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் மூன்று அமர்விலும் மணிக்கணக்கில் பேசினார். இஸ்திரிக்காரப் பெண் வாயே திறக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம், "அவர் சொல்றபடியே எழுதிக்குங்க" என்றாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனசில் இருப்பது அது இல்லை என்று கோப்பைத் தூக்கும் கிளார்க்குக்கே தெரிந்தது.

நான்காவது முறை பெரியவள் அவளை மட்டும் தனியாக வரச் சொன்னாள்.

"நீங்க பேசினாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும். என்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம்?"

"பயமெல்லாம் இல்ல மேடம்."

"பின்ன?"

அந்தப் பெண் தயங்கினாள். அவள் பார்வை பெரியவளின் தோளில் இருந்து கைக்கு வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கோட்டு உங்களுக்கு எடுத்தது இல்லையே?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "ஏன் கேக்கறீங்க?"

"நாளெல்லாம் அடுத்தவங்க துணியைத்தான தேய்க்கிறேன். போட்டவங்க முழங்கை எங்க மடங்குமோ அங்க துணி விழுந்துடும். என்ன தேய்ச்சாலும் அந்த வரி போவாது. இதுல வரி உங்க முழங்கைக்கு ஒரு விரல் கீழ இருக்கு. தோளும் ஆடுது. மூணு தடவையும் பாத்தேன், மூணு சட்டையும் அப்படித்தான். ஆள் ஒருத்தங்க, துணி ஒருத்தங்களோடதா இருக்கு. யாருகிட்ட பேசறதுன்னு எனக்குப் புரியல மேடம். இந்தக் கோட்டுக்காரங்க என் வீட்டுக் கதையைக் கேட்டா சிரிச்சுடுவாங்களோன்னு இருக்கு."

பெரியவள் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். உள்ளே பழைய வெள்ளைச் சட்டை. இடது கையில் மை பட்டிருந்தது. செருப்பையும் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"என் தங்கச்சியோடது" என்றாள்.

அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்தாள். புருஷன் வெளியூர் வண்டிக்கு மாறியபிறகு வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இல்லாததையும், குழந்தை பள்ளியில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பதையும், தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் குழந்தையைத் தன்னிடம் தரமாட்டார்கள் என்று அவர் மிரட்டிவைத்திருப்பதையும் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் சொன்னாள். இரண்டு அமர்வு கழித்துக் குழந்தை அம்மாவிடம் இருப்பது என்றும், அப்பா ஊரில் இருக்கும் நாளெல்லாம் வந்து பார்ப்பது என்றும் இருவரும் கையெழுத்திட்டார்கள். அவள் பெருவிரல் ரேகை வைக்காமல் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் வரைந்து கொடுத்தாள்.

அந்த வார இறுதியில் பெரியவள் துணிக்கடைக்குப் போனாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

"உங்களுக்கு எந்தக் கலர் மேடம் பிடிக்கும்?" என்று கேட்டாள் கடைப்பெண். மிகச் சாதாரணக் கேள்வி. பெரியவள் யோசித்துப் பார்த்தாள். சின்ன வயதில் அம்மா எடுத்துக் கொடுத்ததைப் போட்டாள். கல்யாணம் ஆன மூன்று வருடம் அவனுக்குப் பிடித்ததைப் போட்டாள். அப்புறம் எதையும் யோசிக்காமல் சாம்பல் நிறம். இப்போது தங்கையுடையது. நாற்பத்திரண்டு வயதில், ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லத் தெரியாமல் கண்ணாடி முன் நின்றாள். அவசரத்துக்குக் கறுப்பில் ஒரு கோட்டும் பேன்ட்டும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், சம்பளம் பிடித்தம் செய்யப்பட்ட காவலாளி மாதிரி இருந்தது. திங்களன்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு கடைகளைப் பார்ப்பதை விட்டுத் தன் நாளைப் பார்க்க ஆரம்பித்தாள். அமர்வு நடக்கும்போது சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டால்தான் தன்னால் யோசிக்க முடிகிறது என்று கண்டுகொண்டாள். யாராவது அழும்போது காகிதக் கைக்குட்டையைத் தேடி எழுந்து போனால் அழுகை நின்று பேச்சும் நின்றுவிடுகிறது. அதனால் சட்டையிலேயே ஆழமான பை வேண்டும். நடந்துவரும் சத்தம் கேட்டால் வெளியே காத்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். தட்டைச் செருப்புப் போதும். செல்போனில் நேரம் பார்த்தால் எதிரில் இருப்பவர் அவமானப்படுகிறார். கையில் பெரிய எண் போட்ட கடிகாரம் வேண்டும். நிறம் மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் பேருந்தில் போகும்போது, பாதி கட்டிய கட்டடம் ஒன்று மழையில் நனைந்து நின்றது. ஈரச் செங்கல்லின் நிறம். வண்டி திரும்பும்வரை அதையே பார்த்தாள். பிறகுதான் உறைத்தது, யாரும் சொல்லாமல் தனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று.

அந்த நிறத்தில் கெட்டியான பருத்தித் துணி வாங்கி, நீளமாக இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தாள். பக்கத்துக்கு ஒன்றாக ஆழமான பை. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். அந்த மாதம் சாயம் பூச அம்மா கிண்ணத்தோடு வந்தபோது, "இந்தத் தடவை வேணாம்மா" என்றாள். அம்மா கிண்ணத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

சட்டை தைத்து வந்த மறுநாள் காலை நாற்காலியில் பச்சைப் பட்டு காத்திருந்தது. பெரியவள் செங்கல் நிறச் சட்டையில் வெளியே வந்தாள். அம்மா அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். பச்சைச் சட்டையை எடுத்து, சுருக்கம் இல்லாத இடத்தையும் நீவி, அலமாரியில் மாட்டிக் கதவைச் சாத்தினாள்.

அன்று அலுவலகத்தில் அவளுக்கு எல்லாம் கைகூடியது. இரண்டு அமர்வு. கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள். ஓர் ஆண் அழுதபோது எழுந்திருக்காமலே கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். கிளார்க் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மேடம், இன்னைக்குத்தான் உங்களை முதல் தடவை பாக்கற மாதிரி இருக்கு" என்றார். கால் வலிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது பாட்டுக்கூட வந்தது.

மதியம் கை கழுவப் போனவள் குழாய்க்கு மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கழுத்தளவு முடி, காதோரம் நரை, ஒரு நடுத்தர வயதுப் பெண். ஒன்பது மாதமாகக் கண்ணாடியில் எங்கோ ஓர் ஓரத்தில், காலரிலோ முடியின் செம்பழுப்பிலோ, பட்டாசு இருந்துகொண்டே இருந்தாள். இன்று எங்கேயும் இல்லை. பெரியவள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள், அழும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. அம்மா மட்டும்தான் அழவில்லை என்று எல்லோரும் பேசினார்களே, தானும் அதுவரை அழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் தெருமுனையில் திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா ஜன்னலில்தான் நின்றிருந்தாள். ஆனால் பார்வை இவள்மேல் பட்டு, நிற்காமல், இவளுக்குப் பின்னால் தெருக்கோடிக்குப் போனது. யாரோ வரவேண்டும் என்பதுபோல் அங்கேயே நின்றது. பெரியவள் மாடியேறிக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். அப்போதும் அம்மா ஜன்னல் கம்பியை விடவில்லை.

"அம்மா. வந்துட்டேன்."

அம்மா திரும்பினாள். "நீயா தெருவுல வந்தது?"

"நான்தான்."

"அடையாளமே தெரியல." நாற்காலியில் உட்கார்ந்தாள். "தினம் அந்த முனையில திரும்பி, போஸ்ட் கம்பம்வரைக்கும் வருவே. கிட்ட வந்தாத்தான் மூஞ்சி தெரியும். அதுவரைக்கும் அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் அவதான் வர்றா. வேலை முடிஞ்சு, எதையோ சொல்லிச் சிரிக்கறதுக்கு அவதான் வர்றா. அதுக்குத்தான் காலையில எழுந்து இஸ்திரி போட்டேன். அதுக்குத்தான் நாள் பூரா உக்காந்திருந்தேன். அதையும் பிடுங்கிட்டியேடி."

"நான் வர்றது உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?"

"நீ இருக்கே. உன்னை எதுக்குத் தேடணும்? நீ இருக்கே, அவ இல்ல. அவ்வளவுதான்."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் பெரியவள் கேட்டாள். "செத்தது நானா இருந்தா, என் சட்டையை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டிருப்பியா?"

அம்மா யோசித்தாள். புண்படுத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் தேடி, கிடைத்ததைச் சொன்னாள்.

"உன் சட்டைன்னு என்னடி இருந்துச்சு?"

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா ஒரு சின்னப் பையோடு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கடுகு மஞ்சள் கோட்டைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். போன் செய்தால் மாமாதான் எடுத்தார். "தூங்கறாங்க", "குளிக்கறாங்க", "கோவிச்சுக்கிட்டெல்லாம் இல்லம்மா, கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றார். பெரியவள் தினமும் தன் சட்டையில் அலுவலகம் போனாள். அடுத்தவர் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தாள். வந்து, ஒரு தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தாங்கவில்லை. அலமாரியைத் திறந்தாள். பச்சைப் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். பட்டாசின் லிப்ஸ்டிக்கைப் பூசினாள். பஞ்சு வைத்து அந்தச் செருப்பில் காலை நுழைத்தாள். ஒரு தடவை, அம்மாவுக்காக, அந்த அரை நிமிடத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன என்று இருந்தது. தனக்கென்று ஒன்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இரண்டு பேருந்து மாறி, மாமா வீட்டுப் படியில் ஏறி, மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தது அம்மா. பார்த்தாள். பெரியவள் எதிர்பார்த்த மலர்ச்சி வரவில்லை. அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கழட்டுடி."

"அம்மா, உனக்காகத்தான்…"

"தெரியுது. வேணாம், கழட்டிடு." கதவைப் பிடித்தபடியே சொன்னாள். "ஒரு தடவை உன்னை நீயாப் பாத்துட்டேன். இனிமே கண்ணு ஏமாற மாட்டேங்குது. தூரத்துல பாத்தாலும் நீதான், கிட்டப் பாத்தாலும் நீதான். அந்தக் கோட்டைக் கொண்டுவந்து இங்க ஆணியில மாட்டிவச்சுப் பாத்தேன், அது வெறும் துணி. அவ வரல. எதைப் போட்டாலும் அவ வரமாட்டா போலிருக்கே."

அப்படிச் சொல்லிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். பத்து மாதம் அடைத்துவைத்த அழுகை. உள்ளேயிருந்து ஓடிவந்த மாமாவும் அத்தையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். "என் பொண்ணு போயிட்டா" என்று அம்மா சொன்னாள், அன்று காலைதான் செய்தி வந்ததுபோல. "என் பொண்ணு போயிட்டாடி." பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள்மேல் சாய்ந்தாள். ஆனால் அந்தச் சட்டையில் முகம் படாமல், தலையைத் திருப்பிக்கொண்டு சாய்ந்தாள்.

அத்தையின் வீட்டு உடை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு பெரியவள் அன்று முழுவதும் அங்கேயே இருந்தாள். அம்மா நாள் பூராவும் விட்டுவிட்டு அழுதாள். நடுவில் ஒருமுறை, "நீயும் அழுதியா?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல, பாத்ரூம்ல" என்றாள் பெரியவள். "தனியாவா?" என்று கேட்டுவிட்டு அம்மா மறுபடி அழுதாள், இந்தத் தடவை யாருக்காக என்று சொல்ல முடியவில்லை.

அம்மா அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். பட்டாசின் துணிகள் அப்படியேதான் இருக்கின்றன. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று யாரும் இன்னும் பேச்செடுக்கவில்லை. பெரியவளிடம் இப்போது அதே மாதிரி ஐந்து சட்டை இருக்கிறது. சமரசப் பிரிவில் புதிதாக வருகிறவர்கள், "செங்கல் மேடம் ரூம் எது?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அவள் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்கள் பேசுகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சில நாள் சாப்பாட்டு மேசையில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பாள். முன்பின் பார்த்திராத ஒருத்தியை அடையாளம் வைத்துக்கொள்வதுபோல், நரையை, கடிகாரத்தை, மடித்த கையை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பெரியவளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அம்மா பார்த்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.